குருவி பாடிய வேகம்

காது சரியாகக் கேட்காதவர்களிடம் கத்தக் கூடாது. என்னிடம் சோதனைக்கு வருகிறவர்களின் வீட்டாரிடம் நான் முதலில் சொல்வது இதுதான். கத்தினால் சத்தம் மட்டும்தான் போய்ச் சேரும், வார்த்தை சேராது. குரலைத் தாழ்த்தி, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசுங்கள் என்பேன். அவர்களும் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, கதவைத் தாண்டியதும் "அப்பா, செருப்பைப் போடுங்க" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார்கள்.

ஒரு மருத்துவமனையின் காதுப் பிரிவில் கேட்கும் திறனைச் சோதிப்பது என் வேலை. என் அறைக்குள்ளேயே இன்னொரு சின்ன அறை இருக்கிறது. சத்தம் புகாத பெட்டி என்று சொன்னாலும் தப்பில்லை. தடித்த கதவு, ஒரு நாற்காலி, ஹெட்ஃபோன், ஒரு மைக், கையில் பிடித்துக்கொள்ள ஒரு பொத்தான். வந்தவர் உள்ளே உட்கார்ந்து, 'பீப்' கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டிக் குறைப்பேன். நான் எதையும் அனுப்பாதபோதும் சிலர் அமுக்குவார்கள். தோற்றுப்போக யாருக்குத்தான் பிடிக்கும்?

என் அண்ணன் அந்த ரகம். அவனுக்கு இரண்டு காதிலும் மேல் ஸ்தாயி போய்விட்டது. பெண்கள் பேச்சு, குழந்தைகள் பேச்சு, அழைப்பு மணி எல்லாம் அவனுக்கு மங்கல்தான். இளவயதில் ஒரு டிரம்மருடைய சிம்பலுக்குப் பக்கத்தில் நின்று பேஸ் கிட்டார் வாசித்ததன் பலன். நானே சோதித்து நானே கருவி பொருத்திவிட்டேன். அதை இழுப்பறையில் போட்டுவிட்டு, நான் முணுமுணுக்கிறேன் என்று என் தலையில் பழியைப் போடுவான்.

அப்பா விட்டுப்போன மூன்றாவது மாடி வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அண்ணி இறந்துவிட்டாள். அவன் மகன் வேறு நாட்டில் இருக்கிறான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மாவின் படுக்கை, அப்பாவின் பிடிவாதம், என் வாய் என்று சொந்தக்காரர்கள் மூன்று காரணம் சொல்வார்கள், மூன்றும் உண்மைதான். என் அறைச் சன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவரும் கழிவுநீர்க் குழாய்களும் தெரியும். இங்கிருந்து போய்விட வேண்டும் என்று நான் நினைக்காத வருஷமே கிடையாது. கதவை யாரும் பூட்டி வைக்கவில்லை. ஆனால் நான் கிளம்ப நினைக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் படுத்துவிடுவார்கள். கடைசியாகப் படுத்தவன் அண்ணன். காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு படுத்தவன், எழுந்திருக்கவே இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் என்றார்கள். முகம் மழிக்க மாட்டான், சட்டை மாற்ற மாட்டான், சுவரைப் பார்த்துக் கிடப்பான்.

அந்த வீட்டுக்குத்தான் தாடி வந்தான்.

அவனுக்கு முப்பது வயதிருக்கும். மார்பு வரை தாடி, தோளில் ஒரு துணிப்பை. யாரும் வாங்காமல் போன பழைய ஜாஸ், டப், நியூ வேவ் இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து மறுபடி அச்சுப் போடுகிற சின்னக் கம்பெனி அவனுடையது. அண்ணன் மகனைப் பிடித்து, அவன் மூலம் எங்கள் விலாசத்தைப் பிடித்திருந்தான். பைக்குள்ளிருந்து ஒரு தட்டை, பிறந்த குழந்தையை எடுப்பதுபோல இரண்டு கையாலும் எடுத்தான். அண்ணன் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தான்.

அது எங்கள் தட்டு. அண்ணனும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து போட்ட ஒரே ரெக்கார்டு. மூடிப்போன ஏதோ ஓட்டலின் சாமான்களை ஏலம் விட்டபோது பெட்டியோடு கிடைத்ததாம். அதை அவன் இணையத்தில் போட, உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருக்கிறவர்கள் பைத்தியம் பிடித்து அலைகிறார்களாம். இப்படியொரு மெதுவான இசையை அந்தக் காலத்தில் யாருமே நினைத்திருக்க முடியாது என்றான். டப் என்கிற ஜமைக்கா இசையில் வருகிற மாதிரி பேஸ் தரைக்கு அடியில் நடக்கிறது, சாக்ஸபோன் மயக்கத்தில் பேசுகிறது, அதற்கு மேல் அந்த ஆண் குரல். அவன் கண் கலங்கியே போனது.

"அந்தக் குரல்ல இருக்கிறவருக்கு வெளிய போக வழியே இல்லை சார். அதை அவரு ஒத்துக்கிட்டுப் பாடறாரு," என்றான். பிறகு உறையின் பின்பக்கத்தைக் காட்டிக் கேட்டான். "குரல்: குருவின்னு மட்டும் போட்டிருக்கு. யாரு சார் இந்தக் குருவி?"

அண்ணன் என்னைப் பார்த்தான். ஒரே ஒரு பார்வை. பிறகு மழிக்காத கன்னத்தைத் தடவிக்கொண்டு, "நான்தான்," என்றான்.

நான் பிஸ்கட் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குருவி நான்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் தாடி அண்ணனுடைய கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டுவிட்டான். வாயைத் திறந்தால் இரண்டு பேர் முகமும் என்ன ஆகும் என்று தெரிந்தது. நான் வாயடைத்துப் போனேன். அதிசயம்தான், என் உறவினர்கள் பார்த்திருக்க வேண்டும்.

உண்மை இதுதான். அப்போது எனக்கு இருபத்தொரு வயது. விளம்பரப் பாட்டுகள் எடுக்கிற ஒரு ஸ்டுடியோவில், வேலை முடிந்த பிறகு மாலை நேரங்களில் எங்களை உள்ளே விட்டார்கள். டைப்பிங் வகுப்புக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு நான் போய்ப் பாடினேன். வகுப்பு முடிகிற நேரத்துக்குள் வீடு திரும்ப வேண்டும். அதனால் எல்லாப் பாட்டுமே ஓட்டமாக இருக்கும். லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு பெண் மாடிகளை எண்ணுகிற பாட்டு ஒன்று. "இன்னும் ஒரு மாடி, இன்னும் ஒரு மாடி" என்று மூச்சிரைக்கப் பாடியிருப்பேன். பாதி நடிப்பு, பாதி பஸ் போய்விடுமே என்ற பதைப்பு. பாடி முடித்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவேன். அதைப் பார்த்துத்தான் டிரம்மர் எனக்குக் குருவி என்று பெயர் வைத்தான். வீட்டில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

இசைத்தட்டுகளில் இரண்டு வேகம் உண்டு. நிமிஷத்துக்கு முப்பத்துமூன்று சுற்று ஒன்று, நாற்பத்தைந்து சுற்று ஒன்று. எங்கள் தட்டு நாற்பத்தைந்தில் சுற்ற வேண்டியது. நடுவில் ஒட்டுகிற லேபிளில் முப்பத்துமூன்று என்று அச்சாகி வந்துவிட்டது. பார்த்துப் போட்டவர்கள் எல்லாரும் மெதுவாகவே கேட்டார்கள். துள்ளிக்கொண்டிருந்த பாட்டெல்லாம் காலை இழுத்துக்கொண்டு நடந்தது. என் குரல் கீழே இறங்கி ஏதோ ஒரு ஆம்பிளையின் குரலாகிவிட்டது.

அப்பா தன் கையாலேயே ஊசியை வைத்துக் கேட்டார். முதல் பாட்டுப் பாதியில், "யாருடா இவன், ஜலதோஷம் பிடிச்சவனாட்டம்?" என்றார். நானும் அண்ணனும் சமையலறைக்கு ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அன்றைக்கு அந்த அச்சுக்காரனுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம் போலிருந்தது. பெண்பிள்ளை ஸ்டுடியோவில் ஆண்களுக்கு நடுவே பாடினாள் என்று தெரிந்தால் அப்பா என்ன செய்திருப்பார் என்பது எங்களுக்குத் தெரியும். வானொலி நிலையத்தில் வேலை பார்த்த பெரியப்பா ஒரே ஒரு தடவை அதை ஒலிபரப்பினார். தூக்க மாத்திரை என்று பத்திரிகையில் ஒருவர் எழுதினார். டிரம்மர் அச்சகத்துக்குப் போய்ச் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டான். புது லேபிள் அடிக்க யாரிடமும் வசதியில்லை. குழு உடைந்தது. டிரம்மர் கண்காணாத தேசத்துக்குப் போனான், சாக்ஸபோன்காரர் செத்துப்போனார், அண்ணன் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனான். நான் அதற்குப் பிறகு பாடவில்லை.

தாடி போன பிறகு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதற்கு இப்படிக் காது குத்தினாய் என்று கேட்டேன். அண்ணன் முதலில் கேட்காத மாதிரி இருந்தான். கருவியை எடுத்து அவன் காதில் நானே மாட்டிவிட்டு மறுபடி கேட்டேன். தப்புதான் என்றான். ஆனால் அந்தப் பையன் தேடி வந்தது ஒரு ஆணைத்தானே, அதைக் கெடுப்பானேன் என்றான். அதற்கு மேல் பேச்சு வளர்ந்தபோது அவன் குரல் உடைந்துவிட்டது.

"இத்தனை வருஷத்துல என்னைத் தேடிக்கிட்டு யாராவது வந்தது இதுதான் முதல் தடவை," என்றான்.

மறுநாள் காலை முகம் மழித்துக்கொண்டான். சலவைச் சட்டை போட்டுக்கொண்டான். கட்டிலுக்கடியில் கிடந்த பேஸ் கிட்டாரை எடுத்துத் துடைத்தான். டாக்டர்களும் மாத்திரைகளும் செய்ய முடியாததை ஒரு தாடி செய்துவிட்டது. இவனிடம் போய் நான் என்னவென்று சண்டை போடுவது? சொன்னால் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். சொல்லாவிட்டால் என் குரல் அவனுடையதாகவே அச்சாகும். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன், வந்தேன்.

அதற்குப் பிறகுதான் கூத்தே ஆரம்பித்தது. தாடி இருப்பது வேறு ஊரில். உறைக்குள் வைக்கிற கட்டுரைக்காகத் தொலைபேசியில் கேள்வி கேட்பான். அண்ணனுக்குத் தொலைபேசி சுத்தமாகக் கேட்காது. நான் ஸ்பீக்கரில் போட்டு, கேள்வியை வாங்கி, அண்ணன் காதருகே குனிந்து, தாழ்ந்த குரலில் நிதானமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். என் குரலுக்குக் கிடைக்கிற பாராட்டையெல்லாம் நானே சுமந்துகொண்டு போய் இன்னொருத்தன் காதில் ஊற்றினேன். அந்தச் சோகத்தை எங்கிருந்து கொண்டு வந்தீங்கன்னு கேக்கறாரு அண்ணா. மூச்சை எப்படிப் பிடிச்சீங்கன்னு கேக்கறாரு. அண்ணன் ஆரம்பத்தில் தயங்கினான். போகப் போகக் கை தேர்ந்துவிட்டான். விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் படுத்துப் பாடியதாகச் சொன்னான். ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டுப் பாடியதாகச் சொன்னான். எதிர்முனையில் தாடி பேச்சு வராமல் மூச்சுவிடுவது கேட்கும். பஸ் போய்விடும் என்று செருப்போடு ஓடியவள் இங்கே ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு தடவை தாடி, உங்கள் தங்கச்சிக்கு அந்த நாட்களைப் பற்றி ஏதாவது ஞாபகம் இருக்குமா என்று கேட்டான். அந்தக் கேள்வியையும் நான்தான் அண்ணன் காதில் போட்டேன்.

"அவளுக்கு என்ன தெரியும்? அவ அப்போ டைப்பிங் கிளாஸ் போயிட்டிருந்தா," என்றான் அண்ணன்.

அப்பாவிடம் சொன்ன பொய்யை இத்தனை வருஷம் கழித்து எனக்கே திருப்பிக் கொடுக்கிறான். தொலைபேசியை வைத்துவிட்டு என் அறைக்குப் போய்க் குழாய்களைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அழவும் வரவில்லை.

தாடி ஒரு பிளேயரையும் தட்டின் பிரதி ஒன்றையும் அனுப்பியிருந்தான். அண்ணன் நாள் முழுக்க அதைப் போட்டுக்கொண்டிருந்தான், லேபிளில் உள்ள முப்பத்துமூன்றிலேயே. முதலில் எனக்கு அந்தக் குரலைக் கேட்கவே சகிக்கவில்லை. என்னை ஒரு தடித்த போர்வைக்குள் சுருட்டி வைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு நாள் அவன் கடைக்குப் போயிருந்தபோது விசையை நாற்பத்தைந்துக்குத் தள்ளிப் பார்த்தேன். என் பழைய குரல் வந்தது. சுறுசுறுப்பான குரல், பிழையில்லாத குரல். ஆனால் அந்தக் காலத்தில் பத்துப் பெண்கள் அப்படிப் பாடியிருப்பார்கள். தாடி எதற்குக் கண் கலங்கினான் என்று எனக்கே புரிந்தது, புரிந்ததும் வலித்தது. யாராவது வந்து என்னைத் தேடினால் அவர்களுக்குக் காட்ட என்னிடம் இருப்பது இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டு விசையைத் திருப்பி வைத்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் லிஃப்ட் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கேட்டுக் கேட்டுக் காதில் ஊறிப்போயிருந்ததால் என்னையறியாமல் கூடவே பாடியிருக்கிறேன். கழுவி முடித்துக் குழாயை மூடினேன். அண்ணன் சமையலறை வாசலில் நின்றிருந்தான்.

"பிளேயரை நிறுத்திட்டுத்தான் எழுந்து வந்தேன். இன்னும் பாடுதேன்னு பார்த்தேன்," என்றான்.

என் குரல் அது. எப்போது இறங்கியது என்று எனக்குத் தெரியாது. வயது ஒரு காரணம். மற்றதெல்லாம் என் வேலை. காது கேட்காதவர்களிடம் நாளெல்லாம் தாழ்த்தித் தாழ்த்தி, மெதுவாக மெதுவாகப் பேசிப் பேசி, அந்தத் தட்டில் தப்பான வேகத்தில் வருகிற குரலுக்கே வந்து சேர்ந்திருக்கிறேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மனசில் கணக்கு ஓடுவது முகத்தில் தெரிந்தது.

அந்த வாரமே அதைக் கேட்டுவிட்டான். வெளியீட்டு விழாவில் போட்டுக்காட்ட, லிஃப்ட் பாட்டை இன்றைய குரலில் கொஞ்சம் பாடி அனுப்பும்படி தாடி கேட்டிருந்தான். பதிவு செய்கிற சின்னக் கருவி ஒன்றும் அனுப்பியிருந்தான். அண்ணன் தனியாக அறையில் பாடிப் பார்த்ததை நான் சுவர் வழியாகக் கேட்டேன். பாவம், தகரத்தை இழுத்த மாதிரி இருந்தது. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீ பாடிக் குடு. நான் பாடினதா அனுப்பிடலாம்."

ஆடிப்போனேன். ஒரு தடவை திருடியது போதாதென்று, என்னையே மறுபடி எடுத்து நீட்டச் சொல்கிறான். வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அவன் கருவியைக் கழற்றி வைக்காமல் முழுவதையும் கேட்டுக்கொண்டான், அதுவே எனக்கு ஆச்சரியம். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சரி என்றேன். அவனுக்காக என்று சொன்னால் பொய். எனக்குப் பாட ஆசையாக இருந்தது. யார் பெயரிலாவது, எந்தப் பொந்துக்குள் இருந்தாவது, ஒரு தடவை வாய்விட்டுப் பாட வேண்டும் போலிருந்தது. அந்த ஆசையை நினைத்து வெட்கப்பட்டேன், ஆனாலும் அது போகவில்லை.

எங்கள் வீட்டில் எப்போதும் மேல்வீட்டு நாற்காலியும் கீழ்வீட்டுத் தொலைக்காட்சியும் கேட்டுக்கொண்டே இருக்கும். அமைதியான இடம் ஒன்றுதான் எனக்குத் தெரியும். விடுமுறை நாளில், புறநோயாளிகள் யாரும் இல்லாத காலை வேளையில், அண்ணனை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது. இத்தனை வருஷமும் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்தவள், அன்றைக்கு நான் உள்ளே போனேன். பதிவுக் கருவியை என் முன்னால் வைத்து ஓடவிட்டேன். அண்ணன் என் நாற்காலியில் உட்கார்ந்தான். என் ஹெட்ஃபோனை அவன் தலையில் மாட்டி, சத்தத்தை எந்த அளவில் வைக்க வேண்டும், என்னோடு பேச எந்த விசையை அமுக்க வேண்டும் என்று காட்டிவிட்டு வந்திருந்தேன். தடித்த கதவைச் சாத்திவிட்டு, உள்ளே இருந்த ஹெட்ஃபோனை நான் மாட்டிக்கொண்டேன்.

அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்தால் முதலில் உங்கள் இரத்தம் ஓடுவது உங்களுக்கே கேட்கும். வருகிறவர்கள் பயந்துபோய்ப் பொத்தானை அமுக்குவதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. சுவர்கள் மூச்சைக்கூட வாங்கி வைத்துக்கொண்டன. பிறகு பாடினேன்.

இன்னும் ஒரு மாடி, இன்னும் ஒரு மாடி. அவசரமில்லை, பஸ் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் இத்தனை வருஷமாக லிஃப்டிலேயே இருக்கிறாள், மாடிகளை எண்ணுவதைத் தவிர அவளுக்கு வேறு வேலையில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. தாடி சொன்னதை அப்போதுதான் நான் ஒத்துக்கொண்டேன். அந்தக் குரலில் இருப்பவளுக்கு வெளியே போக வழியில்லை.

இரண்டாவது அடியில் அண்ணன் விசையை அமுக்கி, நிறுத்து என்றான். சுதி விலகிவிட்டதோ என்று நினைத்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

"எல்லாம் சரியா இருக்கு. ஒவ்வொரு வார்த்தையும் கேக்குது எனக்கு," என்றான். காது கேட்காதவர்கள் எல்லாரையும் போலத் தேவைக்கு மேல் உரக்கத்தான் பேசினான். அது நான் மாட்டியிருந்த ஹெட்ஃபோன் வழியாக மண்டைக்குள் இறங்கியது. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த லேபிள்ல முப்பத்துமூணுன்னு அச்சகத்துக்காரன் தப்பா அடிக்கலை. நான்தான் அப்படி அடிக்கச் சொன்னேன்."

அவன் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனான். தட்டு வந்ததும் பெரியப்பா வானொலியில் போடுவார் என்பது முன்பே முடிவாகியிருந்தது. சின்ன வயதில் அவருடைய சிறுவர் நிகழ்ச்சியில் நான் பாடியிருக்கிறேன். என் குரலை அவர் தூக்கத்தில் கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தால் முதலில் அப்பாவிடம்தான் சொல்வார். வீட்டுப் பிரதியை மட்டும் மாற்றிப் பயனில்லை, எல்லாத் தட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. அதனால் மாற்றினான். நண்பர்களிடம்கூடச் சொல்லவில்லை. டிரம்மர் அச்சகத்தில் போய்ச் சண்டை போட்டபோது பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தானாம்.

"என் ரெக்கார்டை நானே கொன்னேன். அப்பா உன்னை அறைக்குள்ள போட்டுப் பூட்டியிருப்பாரு. அதுக்குப் பயந்துதான்," என்றான்.

நான் கத்தினேன். எந்தக் குடும்பத்துக்கும் செய்யாதீர்கள் என்று சொல்கிற அதே வேலையைச் செய்தேன். பூட்டாமல் மட்டும் நான் எங்கே இருந்தேன், இப்போது எங்கே இருக்கிறேன் என்று கத்தினேன். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி என்னையே அழித்துவிட்டாயே என்று கத்தினேன். அவன் காது வலித்து ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டான். கண்ணாடிக்கு உள்ளே என் வாய் அசைவது மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கும். மூச்சு வாங்கி நான் அடங்கியதும் திரும்ப மாட்டிக்கொண்டான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணா," என்றேன்.

அவன் விசையில் விரலை வைத்தான். பிறகு அமுக்கினான்.

"கேட்டிருந்தா நீ நாப்பத்தஞ்சுன்னு சொல்லியிருப்பே," என்றான்.

ஆமாம். சொல்லியிருப்பேன். அப்பா என்ன செய்தாலும் செய்யட்டும் என்று சொல்லியிருப்பேன். அது அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் கேட்கவில்லை. நான் பயந்தவள், வீட்டோடு ஒடுங்கினவள் என்று என்னைப் பற்றி நானே நம்பிக்கொண்டிருந்தேன். இருபத்தொரு வயதில் நான் அப்படி இல்லை என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே சாட்சி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறான். அவனை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் மனசு வரவில்லை. அப்பா போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்னும் நாங்கள் இரண்டு பேரும் அவருக்குப் பயந்துகொண்டிருக்கிறோம்.

"சரி, இப்போ கேளு," என்றேன்.

அவனுக்கு முதலில் பிடிபடவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் இரண்டு கிழங்கள். பிறகு அலுவலகத்தில் மனுதாரரிடம் கேட்கிற மாதிரி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "எந்த வேகத்துல போடச் சொல்லட்டும்?" என்று கேட்டான்.

யோசித்தேன். இந்த ஒரு தடவையாவது அவசரப்படாமல் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அவனும் காத்திருந்தான்.

"முப்பத்துமூணு. இப்போ அதுதான் என் குரல்," என்றேன். "ஆனா பேரு என்னோடது. அந்தப் பையன்கிட்ட நீயே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

தலையாட்டினான். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வந்து தடித்த கதவை இழுத்துத் திறந்தான். அந்தப் பெட்டி ஒரு ஆளுக்கானது. அவன் வாசலிலேயே நின்று குனிந்து, ஓடிக்கொண்டிருந்த பதிவுக் கருவிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான். தம்பி, இதைப் பாடுவது நான் இல்லை, அந்தத் தட்டில் பாடியதும் நான் இல்லை என்றான். யார் என்று சொல்லப்போனவன் தயங்கி, குருவி என்றே போட்டால் போதுமா என்று என்னைக் கேட்டான்.

வேண்டாம் என்றேன். பள்ளிக்கூடத்தில் இருக்கிற என் முழுப் பெயரைச் சொல்லச் சொன்னேன், அப்பாவின் இனிஷியலோடு.